ஓர் அங்குல மனிதன்

அனுப்பம்பட்டு என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே வரும். பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. பொன்னேரி வரைக்கும் போய் பஸ் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான் போயிருக்க வேண்டியவன். ஆனால் என்னை அழைத்துக்கொண்டு போன நண்பருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். டிக்கெட் எந்த ஊருக்கு வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

நண்பர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். வயது எழுபதுக்கு மேல். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் வர்ணப் பெட்டி, மைப்புட்டி, இரண்டு தூரிகை, ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் தண்ணீர். அன்று அவர் கண்ணில் பட்டது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. தண்ணீர் கட்டி நின்ற வயல், வரப்பின் மேல் ஏழெட்டுப் பனைமரங்கள், அவ்வளவுதான். வேலி ஓரமாக உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பென்சிலால் நாலு கோடு. பிறகு நிப்பால் மைக்கோடு. மை காய்ந்ததும், அதே மையைத் தண்ணீரில் கரைத்து, சாம்பல் நிறமாக்கி, நிழல் விழும் இடங்களில் எல்லாம் அகலமான தூரிகையால் ஓட விட்டார். இதைத்தான் 'வாஷ்' என்கிறார்கள். சலவைக்குப் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஈரம் இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் பச்சையும் மஞ்சளும் நீலமும், ஒவ்வொன்றும் கண்ணாடி போல மெல்லிசாக. எல்லாம் முடிந்த பிறகு, வரப்பின் நடுவே இரண்டே இரண்டு தொடுதல். ஒரு மனிதன் வந்துவிட்டான்! அவன் வேட்டிக்கு அவர் வெள்ளை வர்ணம் போடவில்லை. அந்த இடத்தில் முன்பே காகிதத்தை வெறுமனே விட்டு வைத்திருந்தார்.

"வரப்பிலே யாரும் இல்லையே?" என்றேன்.

"இல்லைதான். ஆனால் அவன் இல்லாவிட்டால் பனைமரம் எவ்வளவு உயரம் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது. அதையும் காணோமே?"

"அது எதற்கு? கண்ணை உறுத்தும்" என்று சொல்லிவிட்டுப் புட்டியை மூடினார்.

இருக்கிற புகைபோக்கி போயிற்று; இல்லாத மனிதன் வந்தான். கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. ஆனாலும் அந்த ஓர் அங்குல மனிதன் என்னை விடவில்லை. ஓர் அங்குலம் என்பதே மிகை. அரை அங்குலம்கூட இருக்கமாட்டான். எங்கிருந்து வந்தான் இவன்? தமிழ்நாட்டுச் சித்திரங்களில் இவனுக்கு என்ன வயது? அன்றைக்கு எழுந்த சந்தேகம் என்னைப் பல மாதங்கள் பழைய புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

இவனுடைய பிறந்த ஊர் பீரங்கிப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். லண்டனுக்கு அருகே வுல்விச் என்ற இடத்தில் பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் அதிகாரிகளைத் தயார் செய்யும் ராணுவக் கலாசாலை இருந்தது. அங்கே 1768 முதல் 1796 வரை தலைமைச் சித்திர ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி. ஆங்கிலேய நீர்வர்ணச் சித்திரத்துக்கு இவரை ஒரு தகப்பனார் மாதிரி கொண்டாடுவார்கள். பீரங்கிக்காரனுக்குச் சித்திரம் எதற்கு? புகைப்படம் இல்லாத காலம் அது. எதிரியின் கோட்டை எந்த மேட்டில் இருக்கிறது, மதில் எவ்வளவு உயரம், ஆற்றைக் குதிரை தாண்டுமா என்பதைப் பார்த்தவுடன் வரைந்து அனுப்ப வேண்டும். வரைபடத்தில் உயரம் தெரியவேண்டுமானால் அளவு தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு, அது மனிதன். மதில் ஓரமாக ஒருவனை நிறுத்திவிட்டால் போதும், மேலதிகாரி எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

சாமான்களும் அந்தக் காலத்தில்தான் கைக்கு அடக்கமாயின. ரீவ்ஸ் சகோதரர்கள் என்று லண்டனில் இரண்டு வியாபாரிகள், நீர்வர்ணத்தைச் சோப்புக் கட்டி போலச் சிறு வில்லைகளாகச் செய்தார்கள். ஈரத் தூரிகையால் தொட்டால் கரையும். அதற்காக 1781-ல் அவர்களுக்கு வெள்ளிப் பரிசு கிடைத்தது. மையைப் பற்றியும் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். விளக்குக் கரியும் பசையும் சேர்ந்த அந்தக் கறுப்பு மை சீனாவின் கைவேலை. இங்கிலாந்துக்காரன் அதற்கு 'இந்தியன் இங்க்' என்று பெயர் வைத்துவிட்டான். பிரெஞ்சுக்காரன் அதே மையைச் சீன மை என்கிறான். பேர் வாங்கினது நாம், வேலை செய்தது சீனாக்காரன்!

ராணுவத்துக்கு அளவுகோல் வேண்டியிருந்தது; சித்திர ரசிகர்களுக்கு அலங்காரம் வேண்டியிருந்தது. வில்லியம் கில்பின் என்று ஒரு பாதிரியார், ஊர் ஊராகப் போய் இயற்கைக் காட்சிகளைப் பார்த்து, எது படத்துக்கு ஏற்ற காட்சி என்று சாஸ்திரம் எழுதினார். 1786-ல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றில் ஒரு விசித்திரமான தீர்ப்பு இருக்கிறது. ஒழுக்கத்தை வைத்துப் பார்த்தால் உழைக்கிற தொழிலாளிதான் கண்ணுக்கு இனியவனாம். ஆனால் படத்தை வைத்துப் பார்த்தால் சும்மா திரிகிற குடியானவனே மேலாம்! பாதிரியார் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார். நம் ஊர்க் கோயில் வாசலை வரைந்த ஆங்கிலப் படங்களைப் பாருங்கள். மரத்தடியில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் தடியை ஊன்றிக்கொண்டு எங்கேயோ பார்ப்பான். தென்னாட்டுக்காரன் வேலையே செய்யமாட்டானோ என்று தோன்றும். கில்பினுடைய தீர்ப்பைப் படித்த பிறகு எனக்கு அவர்கள் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

அந்தப் படங்களில் மிகப் பிரசித்தமானவை டேனியல் இருவருடையவை. தாமஸ் டேனியல் சத்திரக்காரர் ஒருவரின் மகன். குதிரை வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலில் ஆரம்பித்தவர். தம் அண்ணன் மகன் வில்லியத்தை அழைத்துக்கொண்டு 1786-ல் கல்கத்தாவுக்கு வந்தார். வடக்கே இமயமலை அடிவாரம் வரை சுற்றிவிட்டு, 1792-ல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர் யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. தென்னாட்டு மலைக்கோட்டைகளின் படங்களுக்கு நல்ல கிராக்கி. பல்லக்கில் ஏறி மைசூர்ப் பக்கம், மதுரை, கன்னியாகுமரி, தஞ்சை என்று சுற்றினார்கள். திரும்பி வந்து 1793-ல் சென்னையில் தங்கள் படங்களை லாட்டரி போட்டு விற்றார்கள் என்றால் அவர்களுடைய வியாபாரப் புத்தியைப் பாருங்கள்! இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்கள் வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, மை வாஷ் போலவே தோன்றும்படி அச்சிட்டு, அதன் மேல் கையால் வர்ணம் தீட்டிய படங்கள். நம் கோபுரங்கள் சீமைச் சீமான்கள் வீட்டுக்குள் நுழைந்தது இவற்றால்தான். கோபுரத்தடியில் நின்ற நம்மவர்களும் கூடவே போனார்கள், பெயர் இல்லாமல்.

இங்கே இன்னொரு வகைச் சித்திரக்காரர்கள் இருந்தார்கள். தஞ்சாவூர் மூச்சியர். சரபோஜி மன்னர் காலத்திலும் அதைச் சுற்றிய ஆண்டுகளிலும் கும்பெனி அதிகாரிகளுக்காக இவர்கள் ஏடு ஏடாகப் படம் எழுதித் தந்தார்கள். ஒரு பக்கத்தில் ஒரு ஜோடி, புருஷனும் பெண்சாதியும். நெசவாளி என்றால் கையில் நூல், குயவர் என்றால் பானை, செம்படவன் என்றால் தோளில் வலை, அவன் மனைவி தலையில் மீன் கூடை. ஆள் தெளிவாக இருப்பான். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது வரை தெரியும். ஆனால் காலடியில் ஒரு விரற்கடைப் புல்தரை, மேலே கொஞ்சம் நீல வானம், அதோடு சரி. செம்படவன் இருப்பான், அவன் நிற்கிற ஏரி இருக்காது.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. டேனியலிடம் ஊர் இருந்தது, அதில் ஆளுக்கு வேலை இல்லை. மூச்சியிடம் வேலையோடு ஆள் இருந்தான், ஊர் இல்லை. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே எஜமானர்களுக்காக வரைந்தவர்கள்.

இவர்கள் இருவருக்கும் நடுவே வேறொரு கூட்டம். 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்ற கும்பெனி அதிகாரி சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். எட்டுப் பையன்கள். ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். இன்று கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிற பெற்றோர்களுக்கு, அந்தக் காலேஜின் வேர் இந்த அநாதைப் பிள்ளைகள்தான் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. நிலம் அளப்பதோடு படம் போடுவதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பிற்பாடு காலின் மெக்கன்ஸி துரை தக்காணம் முழுவதும் அளந்தபோது அவருக்குப் படம் எழுதிக் கொடுத்தவர்களில் இந்தப் பள்ளிப் பையன்களும் உண்டு. மெக்கன்ஸி சேர்த்த படங்கள் ஆயிரத்துக்கு மேல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கோயில், கல்வெட்டு, கோட்டை, அணை, அவற்றின் ஓரத்தில் மையும் நீரும் கலந்து தீட்டிய சின்னஞ்சிறு மனிதர்கள். வரைந்தவர்களில் பலருடைய பெயர் இல்லை. வரையப்பட்டவர்கள் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 1816-ல் தாமஸ் ஹிக்கி என்ற சைத்ரிகர் மெக்கன்ஸியை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். சிவப்பு அங்கி துரையைச் சுற்றி மூன்று இந்தியர்கள். பனையோலை ஏந்திய ஜைனப் பண்டிதர் தர்மையா, உதவியாளர் காவலி வெங்கட லட்சுமையா, தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பியூன் கிஷ்டனாஜி என்று அவர்களை அடையாளம் சொல்கிறார்கள். ஒரு பியூனுடைய பெயர் இருநூறு வருஷம் பிழைத்துக் கிடக்கிறது! இதற்காகவே ஹிக்கிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சென்னையிலேயே குடும்பமாகக் குடியிருந்து வரைந்தவர்கள் ஜான் காண்ட்ஸும் அவர் மகன் ஜஸ்டினியன் காண்ட்ஸும். தகப்பனார் 1827-ல் சென்னை ஜனங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் போட்டார். மகன் நீர்வர்ணத்தில் வரைந்த தோட்ட வீடுகள் அழகானவை. பிறகு புகைப்படம் வந்தது. 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரரானார். அவர் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. அந்தக் காலத்துப் பெட்டிக்குப் படம் பதிய வெகு நேரம் ஆகும், நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். திருமலை நாயக்கர் மகாலே காலியாக நிற்கிறது. ஓர் அங்குல மனிதனுடைய அருமை அப்போதுதான் தெரிகிறது.

சென்னையில் சித்திரக் கல்லூரிக்கு விதை போட்டவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர், ஆண்டு 1850. அதன் தலைவராக 1884-ல் ஈ. பி. ஹாவெல் வந்தார். அவர் 1896-ல் கல்கத்தாவுக்குப் போய், அவனீந்திரநாத டாகுரைக் கண்டுபிடித்தார். 1903-ல் கல்கத்தாவுக்கு யோகோயாமா டைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஜப்பானியச் சைத்ரிகர்கள் வந்தார்கள். டைகான் தூரிகைத் தண்ணீரால் காகிதத்தை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அவனீந்திரர், நான் ஏன் படத்தையே தண்ணீரில் முக்கி எடுக்கக்கூடாது என்று நினைத்தாராம். முக்கி எடுத்தார், மறுபடி தீட்டினார், மறுபடி முக்கினார். வங்காள வாஷ் முறை பிறந்தது. பனி மூட்டத்துக்குள் மனிதர்கள் மிதப்பது போல இருக்கும். அவருடைய சிஷ்யர் தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929-ல் சென்னைக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராக வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரர் வழியாகக் கல்கத்தா, ஜப்பான் எல்லாம் சுற்றிக்கொண்டு வாஷ் நம் எழும்பூருக்கு வந்தது இப்படித்தான்.

ராய் சௌதுரி மூட்டத்தோடு நிற்கவில்லை. கடற்கரையில் நாலு பேர் பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே, உழைப்பாளர் சிலை, அது அவர் செய்ததுதான். 1959-ல் திறந்தார்கள். கில்பின் பாதிரியார் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்! அவரிடம் படித்தவர்களில் கே. சி. எஸ். பணிக்கர் தந்தி இலாகா உத்தியோகத்தை விட்டுவிட்டு 1936-ல் கல்லூரியில் சேர்ந்தவர். ஆரம்பத்தில் அவர் பேர் வாங்கியது கால்வாயும் தென்னையும் படகுமான நீர்வர்ணக் காட்சிகளால்.

பத்திரிகைகளைச் சொல்லாமல் போனால் எனக்கு நன்றி கெட்டவன் என்ற பெயர் வரும். மணியமும் கோபுலுவும் சில்பியும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்ட கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் பாதி மையும் தண்ணீரும்தான். வெறும் கோடு என்றால் 'லைன் பிளாக்' போதும். வாஷ் போட்டால் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து 'ஹாஃப்டோன் பிளாக்' செய்ய வேண்டும். மட்டமான காகிதத்தில் அது கரி பூசியது போல அச்சாவதும் உண்டு. 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது கல்கி; அவன் குதிரை மேல் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று நமக்குக் காட்டியது மணியம். என் முதல் தொடர்கதைக்குப் படம் போட்டவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் என்ன வைத்திருக்கிறாள்?" நான் விழித்தேன். மூன்று பக்கம் அவளுடைய மனத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அந்தக் கேள்வியை மறுபடி கேட்டது பழவேற்காட்டில்.

அனுப்பம்பட்டில் அடுத்த ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் பஸ் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைத் துணி வியாபாரத்தையே ஆண்ட ஊர் அது. கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு விலா எலும்பு குறையவில்லை. இந்த ஊரில் வலை வீசியவனையும் துணி நெய்தவனையும் இப்படி ஒருவர் எண்ணிச் செதுக்கியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போனேன்.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. இங்கே மீனவர்களுக்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊருக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத வரப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள் கரையோரச் சேற்றில் இறங்கி இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

நண்பர் காகிதத்தை விரித்தார். வானம், அதே வானம் தண்ணீரில், தூரத்தில் ஒரு மணல் திட்டு. முன்புறத்தில் வழக்கம்போல இரண்டு தொடுதல்; ஒரு பெண். தண்ணீரில் இறால் தேடிக்கொண்டிருந்தவள் கரையேறி வந்து எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னா ஐயா எழுதுறீங்க?"

"ஏரியைத்தான் அம்மா."

"இது யாரு, நானா?"

"ஆமாம், நீதான்."

அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். "குளிக்கிறவ மாதிரி இருக்குதே! பறி எங்க? வாயில கடிச்சிக்கினு இருந்தேனே?"

நண்பர் என்னைப் பார்த்தார். "அவ்வளவு சின்ன உருவத்தில் அது தெரியாது அம்மா" என்றார் மெதுவாக.

"பறி இல்லாம சேத்துல நின்னா பைத்தியக்காரின்னுதானே சொல்லுவாங்க?" என்று சிரித்துவிட்டு, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

காய்ந்த மைக்கோட்டை அழிக்க முடியாது. நல்ல வேளையாக அவளை வெறும் வர்ணத்தால்தான் போட்டிருந்தார். ஈரத் தூரிகையால் தடவி, மையொற்றுக் காகிதத்தால் ஒற்றி எடுத்தார். எழுபது வயதுக் கை நடுங்கியது. எடுத்த இடத்தில் தண்ணீர் பரவி, ஏரியின் நடுவே பூப்பூத்தாற்போல ஒரு கறை கண்டது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வெகு நேரம் அவளையே பார்த்தார். பிறகு முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, கைகள் இரண்டும் தண்ணீருக்குள் மறையும்படி மறுபடி அவளைப் போட்டார். கடைசியில் தூரிகையின் ஒற்றை மயிரால் முகத்தடியில் பழுப்பாக ஒரு புள்ளி வைத்தார். இந்தத் தொடுதல்களை நான் எண்ணினேன், பதினொன்று ஆயிற்று.

காட்டலாம் என்று நிமிர்ந்தபோது அவள் வெகு தூரம் போய்விட்டிருந்தாள்.

படம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி அவர் கிழிக்கப் பார்த்தார். கெஞ்சி வாங்கி வந்து கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் இருக்கிற கறையை மேகத்தின் நிழல் என்று நினைத்து ரசிக்கிறார்கள். பழுப்புப் புள்ளியைத்தான் கறை என்று நினைத்து விரலால் துடைக்கப் பார்க்கிறார்கள்.